பதினோரு மணிக்கு மடி வேண்டும்

மாவூத்துப்பாளையத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்வதில்லை. சொன்னால், சொன்னவரிடமிருந்து அது போய்விடும். கேட்டவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். மற்ற ஊர்களில் ஒரே அறிவுரையை ஒருவர் நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டு, அதைத் தானும் பத்திரமாக வைத்திருப்பாராம். மாவூத்துப்பாளையத்துக்காரர்களுக்கு இது ஏதோ பித்தலாட்டம் போலத்தான் படும்.

உடற்பயிற்சி ஆசிரியர் குப்பண்ணன் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, "தாகம் எடுக்கறதுக்கு முன்னாலயே தண்ணி குடிச்சிரோணும்" என்று பக்கத்து இலைக்காரரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீரோடு கிளம்பி, நாற்பதாவது கிலோமீட்டரில் ஏதாவதொரு புளியமரத்தடியில் மயங்கிக் கிடப்பார். பாட்டில் தளும்பத் தளும்ப அப்படியே இருக்கும். பின்னால் வருகிறவர்கள் அதைத் திறந்து அவர் வாயில் ஊற்றுவார்கள். பக்கத்து இலைக்காரருக்குச் சைக்கிளே கிடையாது. அவர் வீட்டில் உட்கார்ந்தபடி வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறார்.

வார்த்தைகள் என்னவோ எல்லோருக்கும் தெரிந்தவைதான். 'விடியல் சக்கரம்' சங்கத்தின் சுவரில் நீல வண்ணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்று. பசிக்கும் முன்பே தின்னு. முன்னால் போகிறவரின் சக்கரத்தையே பார்க்காதே, அவர் தோளுக்கு அப்பால் பார். ஊரே இதைப் படிக்கும். ஆனால் வார்த்தை தெரிவது வேறு, அது கையிலும் காலிலும் இருப்பது வேறு. அது ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். சங்கத்தில் பதினான்கு பேர். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

மிதுனாவிடம் ஒன்று இருந்தது. 'தோளையும் முழங்கையையும் இளக்கமாக வை' என்பது. அவள் பெரியப்பா மகன் வேலைக்காகப் பெங்களூருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அவன் அங்கே கட்டை போல விறைத்துக்கொண்டு ஓட்டுகிறானாம். மிதுனாவுக்குப் பதினேழு வயது. சைக்கிள் ஓட்டுவதைவிட அவளுக்கு நன்றாக வருவது அடுத்தவர் குரல். பேருந்து நிலையத்து அறிவிப்பு, வாரச் சந்தையில் கத்திரிக்காய் ஏலம் விடுகிறவர், கணக்கு டீச்சரின் தும்மல், எதுவானாலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். அவள் குரலில் ஏமாந்து மாவூத்துப்பாளையத்தில் பாதிப் பேர் தவறான பேருந்தில் ஏறியிருக்கிறார்கள்.

சங்கத்தின் தலைவர் ராக்கியண்ணன். விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கிறவர். நாற்பத்தாறு வயது. ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். கூடப் பிறந்த தங்கை கோகிலவாணி மட்டும் இரண்டு வருடமாக எப்படியும் கூப்பிடவில்லை.

காரணம் வளைவு. ஆந்தைமலைக்குப் போகிற சாலையில் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் சைக்கிளில் இறங்கும் அறிவுரை ராக்கியண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறை. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாதே. வெளிப்பக்கத்துக் காலைக் கீழே இறக்கி அழுத்து. வளைவு முடிகிற இடத்தைப் பார். ஞாயிறுதோறும் பதினான்கு பேரும் மலை ஏறுவார்கள். இறங்கும்போது பதிமூன்று பேர் அவர் பின்னாலேயே வருவார்கள். அவர் பிரேக் பிடித்தால் பிடிப்பார்கள், விட்டால் விடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோகிலவாணி வந்து, தன் கணவருக்கு அதைக் கொடுக்கும்படி கேட்டாள். அவர் தனியாக மலைக்குப் போகிறவர். "குடுத்துட்டா பதிமூணு பேரு மேலயே நிக்கோணும் கோகிலா" என்றார் ராக்கியண்ணன். அடுத்த மாதம் மாப்பிள்ளை ஐந்தாவது வளைவில் சுவரில் மோதித் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லாத அண்ணனிடம் தனக்கும் பேச்சில்லை என்றாள் தங்கை.

இப்போது அவள் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது. 'பதினோரு மணிக்கு மடி வேண்டும். மற்றது உங்கள் இஷ்டம்.'

ராக்கியண்ணன் அந்தப் பத்திரிகையை எட்டாக மடித்து ஜெர்சியின் முதுகுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த ஞாயிறும் விடிகாலை ஐந்து மணிக்கே மலைக்குக் கிளம்பினார். "ஒம்பதரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன். சும்மா உக்காந்திருந்தாக் காலு நடுங்குது" என்றார்.

ஏழு ஐம்பதுக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ராமாத்தா டீக்கடை. ராக்கியண்ணன் முகம் கழுவக் கடைக்குப் பின்னால் போனார். அப்போது கடை வாசலில் புதிதாக ஒருவர் நின்றிருந்தார். சிவப்பு ஜெர்சி. வெளியூர். "ஒரு டீ. சக்கரை கம்மியா" என்றார். வேறெதுவும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறி, முதல் வளைவைப் பார்த்தார், இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி பார்த்தார்.

மிதுனா கடைச் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் கண்ணில் படாமல் இருந்தாள். அவளுக்கு வாய் நமநமவென்றது. முதலில் அவள் வாயில் வந்தது, ராக்கியண்ணன் பேசும் முன் கனைக்கும் அந்தக் கனைப்பு. பிறகு அவருடைய கரகரத்த, அவசரமே இல்லாத குரல்.

"இங்க பாரு சாமி. வளைவுக்கு முன்னாடியே பிரேக்கப் புடிச்சிரு. உள்ள போனப்புறம் தொடாத. வெளிக்காலக் கீழ எறக்கி அழுத்து. முடியற எடத்தப் பாத்துக்கிட்டே போ."

அந்த அறிவுரை அவளிடம் இல்லை. இல்லாததைக் கொடுத்தால் என்ன போய்விடப்போகிறது என்று நினைத்தாள். சிவப்பு ஜெர்சிக்காரர் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். முதல் வளைவை வெண்ணெயில் கத்தி இறக்குவது போல எடுத்தார். 

ராக்கியண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, டீயைக் குடித்து, ஹெல்மெட்டை மாட்டி, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். இரண்டு பிரேக்கையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ரெண்டும் எதுக்குன்னு தெரியுது" என்றார். "எப்பன்னு தெரீல."

பதிமூன்று பேரும் வரிசையில் நின்று யோசித்தார்கள். சங்கச் செயலாளர் ஜனார்த்தனம் முன்னால் வந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை. வாயைத் திறந்தால் தீர்மானம் போலத்தான் வரும். "தலைவர் இன்று காலை எவரிடமாவது வாய் திறந்ததுண்டா?"

"டீ குடிக்கத் திறந்தேன்."

"நீங்கதானுங்ணா அந்தச் சேப்புச் சட்டைக்காரருக்குச் சொல்லி அனுப்புனீங்க" என்றாள் ராமாத்தா, பாலை ஆற்றிக்கொண்டே. "எங்காதால கேட்டேன்."

"நான் பின்னால மூஞ்சி கழுவீட்டு இருந்தேனே ஆத்தா."

"கழுவிக்கிட்டேதான் சொன்னீங்களாட்ட இருக்குது."

ராக்கியண்ணன் அதையும் யோசித்துப் பார்த்தார். தான் சொல்லியிருந்தால் அது தன் குரலில்தான் இருந்திருக்கும், இருந்தது என்கிறாள், எனவே சொல்லியிருக்கலாம் என்று அவர் முகத்தில் ஓடியது. அதற்குமேல் மிதுனாவால் தாங்க முடியவில்லை.

"நாந்தானுங்ணா. உங்க கொரல்ல."

"நீயா கண்ணு."

"ஆமாங்."

"நல்லா வந்துதா?"

"அப்படியே நீங்களாட்டவே."

"அதான் போயிருச்சு" என்றார் ராக்கியண்ணன்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது. வாய் அவளுடையது, வார்த்தை சங்கச் சுவரில் இருந்தது, குரல் அண்ணனுடையது. இவற்றில் எது எங்கே எதைத் தொட்டு எதைக் கொண்டுபோனது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குப்பண்ணன் மட்டும் அவளைப் பார்த்து, "இனிமே எங்கொரல்ல தும்மக்கூட வேண்டாம் தாயி" என்றார்.

மணி எட்டே கால். ஜனார்த்தனம் கூட்டத்தைக் கூட்டினார். கீழே போகிற அடுத்த பேருந்து பன்னிரண்டரைக்கு. நடந்து இறங்கலாம் என்றால், அடிவாரத்துச் சோதனைச் சாவடி இருக்கிறது. அவர் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

சாவடிக்காரரின் குரல் கொட்டாவியோடு வந்தது. "ஏறும்போது என்னன்னு எழுதியிருக்கீங்க? சைக்கிள் பதினாலு. அப்ப சைக்கிளாத்தான் எறங்கோணும். நடந்து வந்தா அது நடை. நடைக்கு நடையா ஏறியிருக்கோணும்."

"உருட்டிக்கொண்டு வந்தால்?"

"உருட்டிக்கிட்டு வந்தா சைக்கிளுக்குத் தொணையா ஆளு வந்த மாதிரி. அதுக்குச் சைக்கிள் மனு குடுக்கோணுமுங்க."

ஜனார்த்தனம் நன்றி சொல்லி வைத்தார். ஞாயமான விதிதான் என்று எல்லோருக்கும் பட்டது.

"அப்படின்னா ஊட்டுக்கு ஒரு போன் போட்டு, நேரமாகும்னு தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடலாம்" என்றார் குப்பண்ணன். "அண்ணன் கூச்சப்படுவாரு. இந்தப் புள்ளையே அண்ணன் கொரல்ல ஒரு மன்னிப்பும் கேட்டுறட்டும்."

"வேண்டாம்" என்றார் ராக்கியண்ணன். "இந்தப் புள்ள கேட்டா எங்கிட்ட இருக்கற மன்னிப்பு போயிரும். ஒண்ணுதான் வெச்சிருக்கேன். ரெண்டு வருசமா."

 டீ கிளாஸ்கள் காலியாகிக்கொண்டிருந்தன.

வழியைக் கண்டுபிடித்தது மிதுனாதான். அண்ணன் குரலில் சொன்னதால் அண்ணனிடமிருந்து போனது என்றால், சிவப்பு ஜெர்சிக்காரர் குரலில் அண்ணனிடம் சொன்னால் அது திரும்பி வந்துவிட வேண்டும். எல்லோரும் இதை இரண்டு தடவை விரல் விட்டு யோசித்துப் பார்த்தார்கள். சரியாகவே வந்தது.

"இப்பவே சொல்லீராத" என்றார் ராக்கியண்ணன். "மனுசன் ஏழாவது வளைவுல இருப்பாரு. பாதி வளைவுல புடுங்கிப்போட்டா எங்க போவாரு. கீழ போய்ச் சேரட்டும்."

ஒன்பது மணி வரைக்கும் காத்திருந்தார்கள். ஊரிலிருந்து வருகிற காற்றில் நாதஸ்வரம் கேட்கிறதா என்று ராக்கியண்ணன் இரண்டு மூன்று தடவை காதைத் திருப்பிப் பார்த்தார். அத்தனை தூரம் கேட்காது.

மிதுனாவுக்கு அதற்குள் வேலை இருந்தது. அந்த மனிதரிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது 'ஒரு டீ, சக்கரை கம்மியா' என்பது மட்டும்தான். ஒரு முழம் நூலில் வேட்டி நெய்கிற மாதிரிக் காரியம். கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். கடைசியில் தாழ்ந்து போகும். "சக்கரை கம்மியா… வேகம் கம்மியா… பிரேக்கு கம்மியா…" என்று சொல்லிச் சொல்லி இழுத்தாள். யார் மேலாவது பட்டுவிடக் கூடாதென்று ஒரு பாறையைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள். அசையாமல் நிற்கும் விஷயத்தில் பாறைக்குப் புதிதாக எதுவும் தேவைப்படாததால் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பது மணிக்கு ராக்கியண்ணன் எதிரில் போய் நின்றாள்.

"வளைவுக்கு முன்னாடியே பிரேக்கப் புடிச்சிருங்க" என்று ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் சொன்னாள். பாதிக்கு மேல் குரல் கொஞ்சம் வெளியே போய்விட்டது போல் இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

 ராக்கியண்ணனின் முதுகு பின்னால் சாய்ந்தது. இரண்டு கையும் அகன்று, பெரிய வட்டமான எதையோ பிடித்துக்கொள்கிற மாதிரி நின்றன. வலது முழங்கை மட்டும் ஜன்னலில் ஊன்றியது போல வெளியே போய் உட்கார்ந்தது.

"வந்துருச்சுங்களா?" என்றாள் மிதுனா.

"வந்துருச்சு. ஆனா அவருதில்ல." நாக்கைச் சப்பிப் பார்த்தார். "வாயில தக்காளிச் சட்னி ருசி வருது. பெரிய வண்டி. பத்துச் சக்கரம். இது லாரிக்காரருது."

மிதுனாவின் குரல் எங்கோ ஒரு லாரி ஓட்டுநருடைய குரலில் போய்ப் பொருந்தியிருக்கிறது. உலகத்தில் எத்தனை குரல், எது யாருடையது என்று யார் கண்டார்கள்.

"வண்டி ஓடுதுங்களா?" என்று கேட்டாள். 

"இல்ல, நிக்குது. ஓட்டல்ல உக்காந்திருக்காரு. நாலாவது இட்லி. தின்னுபோட்டு வண்டிக்கடியில படுத்துருவாரு. சாயங்காலம் வரைக்கும் தேடமாட்டாரு."

இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று ஜனார்த்தனம் முன்மொழிந்தார். ராக்கியண்ணன் கையை ஆட்டினார். "போதும். இன்னொருத்தரு பொழப்பு எதுக்கு? லாரிக்கும் சைக்கிளுக்கும் வளைவு ஒண்ணுதான். ஏறுங்க."

பதிமூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அதாவது அவரவர் சைக்கிளில்தான். ஆனால் ஏறி உட்கார்ந்த விதத்தில் ஒரு சரக்குத்தனம் வந்துவிட்டது. சக்கரத்துக்குச் சக்கரம் இடிக்காமல், இடைவெளியும் விடாமல், அடுக்கி வைத்த மூட்டை போல நின்றார்கள்.

லாரியின் அறிவுரை வேறு மாதிரி இருந்தது. வளைவு தெரிவதற்கு முன்பே ஹாரன். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். வளைவை அகலமாக எடுத்து, பின்பக்கம் சுவரில் உரசாமல் இழுத்துக்கொள்ள வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி விட வேண்டும். முதல் வளைவில் ராக்கியண்ணனின் தொண்டையிலிருந்து இரட்டை ஹாரன் வந்தது; பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. மிதுனா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். யாருடைய குரலானாலும் அவளுக்குப் பிடிபடும். இதில் பிடிக்க எதுவும் இல்லை. அது குரலே இல்லை, ஹாரன்.

ஆமை வேகம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள், லாரி முன்னால் போகும்போது என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: பொறுமையிழந்து ஒலியெழுப்பினார்கள், நேரான சாலை வந்ததும் தாண்டிப் போனார்கள், போகும்போது முறைத்தார்கள். நான்காவது வளைவில் ஒரு பேருந்து ஏறி வந்தது. ராக்கியண்ணன் இடது ஓரமாக அணைத்து நின்றார். "ரொம்ப தேங்ஸ்ணா" என்று கையைக் காட்டிவிட்டுப் பேருந்து ஓட்டுநர் போனார்.

ஐந்தாவது வளைவில் சுவரின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. மாப்பிள்ளை மோதிய இடம். ராக்கியண்ணன் அங்கே ஹாரன் அடிக்கவில்லை.

"இதை அன்னைக்கே அவருக்குக் குடுத்திருக்கலாம்" என்றார்.

"கொடுத்திருந்தால் இத்தனை நாள் நாம் எப்படி ஏறியிருப்போம், தலைவரே?" என்றார் பின்னால் இருந்த ஜனார்த்தனம்.

"ஏறியிருப்போம். எறங்கத்தான் மாட்டோம்."

மிச்சம் ஆறு வளைவுகளிலும் ஹாரன் மறுபடி ஒலித்தது.

சோதனைச் சாவடிக்கு வரும்போது மணி பத்தே கால். சாவடிக்காரர் தடுப்புக் கம்பை இறக்கிவிட்டு, நோட்டோடு வெளியே வந்து, முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தார்.

"ஏறுனது சைக்கிள் பதினாலு. எறங்கறது லாரி ஒண்ணு."

"ஆமாங்க" என்றார் ராக்கியண்ணன், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எட்டிப் பார்த்து.

"லோடு?"

"உறுப்பினர்கள் பதிமூன்று பேர்" என்றார் ஜனார்த்தனம்.

சாவடிக்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். மிதுனாவுக்கு அவருடைய மேலதிகாரியின் குரலைக் கேட்டதே இல்லையே என்று இருந்தது. கேட்டிருந்தாலும் இப்போது அதைத் தொட்டிருப்பாளா என்று தெரியவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பத்து இருபது. பத்து இருபத்தைந்து. ராக்கியண்ணன் முதுகுப் பைக்குக் கையைக் கொண்டுபோய் எட்டாக மடித்த பத்திரிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப சைக்கிள் பதினாலும் இன்னும் மேலதான் இருக்குது" என்றார் சாவடிக்காரர் கடைசியில். "அது வரும்போது வரட்டும். லாரி போலாம்." கம்பைத் தூக்கினார்.

ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. லாரி சந்தைத் தெரு வழியாகப் போகக்கூடாது என்று ராக்கியண்ணனுக்குத் தோன்றியதால் சுற்றுச் சாலையில் போனார். யாரும் தடுக்கவில்லை, தடுத்தாலும் பயனில்லை. காது குத்து நடக்கும் மண்டபத்து வாசலில் வந்து நின்றபோது மணி பத்து ஐம்பத்தொன்று. உள்ளே நாதஸ்வரம். பதிமூன்று பேரும் தெருவிலேயே இறங்கி ஓரமாக நின்றார்கள். ராக்கியண்ணன் இறங்கவில்லை.

"உள்ள போங்ணா" என்றாள் மிதுனா.

"முகப்பக் காட்டிக்கிட்டுப் போக முடியாது கண்ணு. லோடு வண்டி. ரிவர்ஸ்லதான் உள்ள விடோணும்." சைக்கிளைத் திருப்பி, மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். "யாராச்சும் பின்னால நின்னு சொல்லோணும்."

மிதுனா மண்டபத்து வாசலைப் பார்த்தாள். கோகிலவாணி அங்கே வந்து நின்றிருந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, இடுப்பில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. அண்ணனின் முதுகை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

கோகிலவாணியின் குரல் மிதுனாவுக்கு நன்றாகவே வரும். கொஞ்சம் கீச்சு, அதில் ஒரு அதிகாரம். 'வாண்ணா' என்று ஒரு வார்த்தை சுவரோரம் நின்று சொன்னால் போதும். அண்ணன் உள்ளே போய்விடுவார், மணியும் ஆகவில்லை. மிதுனாவின் வாய் திறந்தது. ஆனால் அந்த 'வா' கோகிலவாணியிடமிருந்து போய்விடும். அவளிடம் எத்தனை இருக்கிறதோ யாருக்குத் தெரியும். மிதுனா வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பொத்தியும் கொண்டாள்.

பத்து ஐம்பத்து நான்கு. உள்ளேயிருந்து காது குத்தும் ஆசாரி, "மாமன் வந்தாச்சுங்களா?" என்றார்.  ராக்கியண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர் பின்னால் நிற்பவர் சொல்லைத்தான் நம்ப வேண்டும். கால் மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து.

கோகிலவாணி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, இரண்டு படி இறங்கி, வலது கையைத் தூக்கினாள்.

"வா" என்றாள்.

ராக்கியண்ணன் ஒரு அடி பின்னால் வந்தார்.

"வா… வா… வா… லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. தோரணத்துல இடிக்காத. அட, இந்தப் பக்கம்… ஆ, நேரா வா. வரட்டும் வரட்டும். வாண்ணா. வா… வா…"

வாழைமரத்துக்கும் வாழைமரத்துக்கும் நடுவே, சொந்தக்காரர்கள் காலை இழுத்துக்கொண்டு வழிவிட, நாற்காலி வரிசை நெடுக, மேடைக்கு முன்னால் விரித்த ஜமக்காளம் வரைக்கும் அவர் பின்புறமாகவே வந்தார். ஜமக்காளத்தின் விளிம்பைச் சக்கரம் தொட்டது.

"ஓல்டு" என்று நிறுத்தினாள் தங்கை.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடி வந்தது. கோகிலவாணி குழந்தையை அதில் வைத்தாள்.

"ரெண்டு வருசம்" என்றார் அவர், குனிந்த தலையோடு. மன்னிப்பை அவர் எடுக்கப் போகிறார் என்று, கூடவே உள்ளே வந்திருந்த மிதுனாவுக்குத் தெரிந்தது.

"மொதல்ல புள்ளையப் புடி" என்றாள் கோகிலவாணி. "நழுவுது."

ஆசாரி ஊசியை எடுத்தார். மணி பத்து ஐம்பத்தொன்பது. குழந்தை ஒரு முறை வீறிட்டது, மாமனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது, அடுத்த காதைக் காட்டியது.

கோகிலவாணியின் கணவர் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ராக்கியண்ணனின் முதுகுக்குப் பின்னால் போய், லோடு இறக்குவது போலத் தாய்மாமன் சீரை இறக்க ஆரம்பித்தார். முதலில் தேங்காயும் பழமுமாக ஒன்பது தட்டுகள் வந்தன. பிறகு ஒரு முழு வாழைத்தார், பித்தளை அண்டா, சங்கிலி போட்ட தொட்டில், இரண்டு மூட்டை பொன்னி அரிசி. தோள்பட்டை வலியால் அவர் கனமானதைத் தொடவில்லை. "மெதுவா, மெதுவா, அடியில பாத்திரம் இருக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கன்றோடு ஒரு பசு இருந்தது. அது விளிம்பு வரைக்கும் வந்து, கீழே பார்த்து, நின்றுவிட்டது.

"பலகை போடாம எப்படி எறங்கும்?" என்றாள் கோகிலவாணி.

சமையல் கட்டிலிருந்து மிதுனா ஒரு நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை ராக்கியண்ணனின் முதுகில் சாய்த்து, நழுவாமல் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பசு இறங்கிவிட்டது. கன்றுதான் கொஞ்சம் யோசித்தது.